திரையில் எண் மாறினால் ஸ்டெப்பர் மோட்டார் திணறுவது ஏன்?

நகரியில் உங்கள் விசைத்தறிக்குப் பாவு சுற்றும் கருவியில், திரையில் எண் மாறும்போதெல்லாம் ஸ்டெப்பர் மோட்டார் (ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு படி சுழலும் மோட்டார்) திணறுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான லூப்புக்குள்ளேயே காலதாமதம் கொடுத்துத் துடிப்புகளை அனுப்பினால், திரைக்கு எழுதச் செலவாகும் ஒவ்வொரு மில்லிநொடியும் அடுத்த துடிப்பைத் தள்ளிப்போடும். மோட்டார் படி தவறும். மாறாக, 16 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டுப் பலகையில், டைமர் 1 என்ற உள் எண்ணியை சிடிசி முறையில் (ஒப்பீட்டு எண்ணைத் தொட்டதும் மீண்டும் சுழியத்திலிருந்து எண்ணும் முறை), 8-ஆல் வகுத்த கடிகாரத்தில் ஓடவிட்டு, ஒப்பீட்டு எண்ணை 399 என வைத்தால், பிரதான லூப் எதில் மூழ்கியிருந்தாலும் 200 மைக்ரோநொடிக்கு ஒருமுறை இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஒரு சிறு நிரல்பகுதியை ஓட்டும் குறுக்கீடு) எழும். அந்த இன்டரப்டுக்குள் துடிப்பை மட்டும் அனுப்புங்கள். திரைக்கு எழுதும் கட்டளையையும் அங்கேயே வைப்பது (பலரும் செய்வதுதான்) மருந்திலேயே நோயைக் கலப்பதாகும். இரண்டு இடத்திலும் புழங்கும் மாறிகளை வோலடைல் (ஒவ்வொரு முறையும் மதிப்பை நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் குறிப்பு) என அறிவியுங்கள். எடுத்த எடுப்பிலேயே நொடிக்கு 5000 துடிப்பு கொடுக்காமல், வேகம் மெல்ல ஏறும்படி பெரிய ஒப்பீட்டு எண்ணில் தொடங்கி, இன்டரப்டுக்குள்ளேயே அதைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.