சோபினின் ஈ மைனர் பிரெலூட் வாசிக்க எளிதா? பெரியவர்கள் மேடையில் வாசிக்கலாமா?

நோட்ஸைப் பார்த்தால் எளிதுதான். இசையமைப்பாளர் சோபின் பியானோவுக்கு எழுதிய பிரெலூட் என்ற சின்னத் துண்டுகளின் தொகுப்பு ஓபஸ் 28, அதில் இது நான்காவது. மொத்தமே 25 பார் (தாளக் கட்டம்), வேகமும் லார்கோ, அதாவது ரொம்ப மெதுவு. நீங்கள் வயதான பிறகு பியானோ கற்க வந்தவர் என்று நினைக்கிறேன், அதோடு யாரோ "அது குழந்தைகள் வாசிக்கிறது" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

எங்கள் வகுப்பின் ஆண்டு விழாவுக்கு இதை வாசிக்கிறேன் என்று பெயர் கொடுத்தேன். நிகழ்ச்சியைக் கவனித்துக்கொண்டவர், "மேடைக்கு இது போதாது, விரல் ஓடுகிற மாதிரி ஏதாவது எடுங்கள்" என்றார். என் ஆசிரியை விட்டுக்கொடுக்கவில்லை. வலது கையை மடியில் வைக்கச் சொல்லி, வாரக்கணக்கில் இடது கையை மட்டும் வாசிக்க வைத்தவர் அவர். முதல் கார்டு, அதாவது சேர்ந்தே ஒலிக்கிற சுரங்கள், ஜி, பி, ஈ. அதையே எட்டு முறை, ஒரே மென்மையில் வாசிக்க வேண்டும். அப்புறம் விரல்கள் ஒவ்வொன்றாகக் கீழே நகரும், பெரும்பாலும் அரை சுரம் அரை சுரமாக. எந்த விரல் இறங்கியது என்று கேட்பவர் காதுக்குத் தெரிய வேண்டும், ஆனால் அந்தச் சுரத்தை அழுத்திக் காட்டவும் கூடாது. மேலே வலது கை முதல் சில பார்களில் பி, சி என்ற இரண்டு சுரங்களை விட்டு அநேகமாக வெளியே போவதே இல்லை, மனதைப் பிசைகிற வேலை முழுக்கக் கீழேதான் நடக்கிறது. 16-ஆம் பாரை ஒட்டி ஸ்ட்ரெட்டோ என்று போட்டிருக்கும், அங்கே நெருக்கம் கூடிச் சத்தமும் ஏறி, சீக்கிரமே அடங்கிவிடும்.

23-ஆம் பாரில் ஒரு கார்டு, பிறகு மௌனம். விழாவில் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று ஓரிருவர் கைதட்ட ஆரம்பித்தார்கள். நான் கையைக் கட்டைகளை விட்டு எடுக்கவில்லை. அவர்கள் நிறுத்தும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கடைசி மூன்று கார்டுகளை வாசித்தேன். "போதாது" என்றவரே பிறகு வந்து நோட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

விரல் பயிற்சிக்கென்று சோபின் எழுதிய எட்யூடுகள் இதைவிடக் கடினம் என்று யாராவது சண்டைக்கு வரலாம், அதை நான் மறுக்கவில்லை, விரலுக்கு அவை கடினம்தான். ஆனால் 1849 அக்டோபர் 30-ஆம் தேதி பாரிஸ் மதலேன் தேவாலயத்தில் சோபினின் இறுதிச் சடங்கில் ஆர்கனில் வாசித்தவற்றில் இந்தப் பிரெலூடும் ஒன்று. அதைக் குழந்தைத் துண்டு என்று ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு ஆத்திரமும் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு கடையில், "இதிலேயே எல்லாம் வாசிக்கலாம் மேடம்" என்று 61 கட்டை கீபோர்டு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். கட்டைகளுக்கு எடையே கிடையாது, மெதுவாகத் தொட்டாலும் ஓங்கித் தொட்டாலும் ஒரே சத்தம். புதிதாகக் கற்க வருபவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது அநியாயம். உங்களிடம் இருப்பதும் அந்த ரகம் என்றால், அதை வைத்து இந்தத் துண்டு உங்களுக்கு வரவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். எடையுள்ள கட்டையும் பெடலும் இருக்கிற பியானோ ஒன்றில் உட்கார்ந்து, முதலில் இடது கையை மட்டும் வாசித்துப் பாருங்கள்.