இணையம் ஓடுகிறது, விபிஎன் மட்டும் ஓடவில்லை

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை வியாபாரம் செய்கிறோம். சென்னையில் அண்ணன் வைத்திருக்கும் கணக்குக் கம்ப்யூட்டரை, சனிக்கிழமைதோறும் இங்குள்ள ஆர்ச் லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஓப்பன்விபிஎன் (இணையத்தின் ஊடே தனி வழி அமைக்கும் விபிஎன் மென்பொருள்) வழியாக எட்டுவது வழக்கம். செவ்வாயன்று மின்தடைக்குப் பின் கம்ப்யூட்டரை இயக்கி, மறுநாள் அப்டேட் செய்தோம். சனிக்கிழமை பார்த்தால் ‘/டெவ்/நெட்/டன்: நோ சச் டிவைஸ்’ என்கிறது, மாட்யூலை ஏற்றும் ‘மோட்ப்ரோப் டன்’ கட்டளையைக் கொடுத்தால் மாட்யூலே இல்லை என்கிறது. இணையம் வழக்கம்போல் ஓடுகிறது. ரிப்பேர்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார்.

பதில்: அழிக்க வேண்டாம், கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்து இயக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். புதன்கிழமை அப்டேட்டில் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வட்டில் இறங்கியபோது, ஆர்ச்சின் வழக்கப்படி பழைய கெர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் துணைப் பகுதிகள்) நீக்கப்பட்டுவிட்டன. ஆனால் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது இன்னமும் செவ்வாய்க்கிழமை ஏறிய பழைய கெர்னல்தான். முகப்புச் சாவி வளவின் அறைப் பூட்டுக்குச் சேராததுபோல், புதிய பதிப்பின் மாட்யூலைப் பழைய கெர்னல் ஏற்காது. ‘யூநேம் -ஆர்’ கட்டளை காட்டும், ஓடும் கெர்னலின் பதிப்பு எண்ணையும் ‘/லிப்/மாட்யூல்ஸ்’ கோப்புறையில் உள்ள பெயரையும் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

அப்படியானால் இணையம் எப்படி ஓடுகிறது? நெட்வொர்க் கார்டுக்கான மாட்யூல் செவ்வாயன்றே நினைவகத்தில் ஏறிவிட்டது. ஏறியதற்கு வட்டில் உள்ள கோப்பு பிறகு தேவையில்லை. ‘டன்’ என்பதோ உண்மையான கருவி அல்ல, விபிஎன் கேட்கும்போதுதான் ஏற்றப்படும் மெய்நிகர்க் கருவி. செவ்வாய்க்கும் புதனுக்கும் இடையில் ஒருமுறை விபிஎன்னைத் தொட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

மறுபடி இயக்கிய பிறகும் ‘யூநேம்’ பழைய எண்ணையே காட்டினால், கெர்னல் வைக்கப்படும் ‘/பூட்’ வட்டின் தனிப் பகிர்வாக இருந்து, அது மவுன்ட் ஆகாத (கணினியோடு இணைக்கப்படாத) நேரத்தில் அப்டேட் நடந்திருக்கலாம். அதை மவுன்ட் செய்து, ‘லினக்ஸ்’ பேக்கேஜை மீண்டும் நிறுவி, பிறகு இயக்குங்கள். இதைக் கவனிக்காமல் எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் பயனில்லை.

பிழைச் செய்தியில் ‘டிவைஸ்’ என்பதற்குப் பதிலாக ‘ஃபைல்’ இல்லை என்று வந்திருந்தால் கதை வேறு: அங்கே கருவிக் கோப்பே இல்லை என்று பொருள். வாடகைக் கன்டெய்னர் சர்வர்களில் (ஒரே கெர்னலைப் பலர் பகிரும் சர்வர்களில்) இது அடிக்கடி நேரும். அங்கே கெர்னல் சர்வர்காரருடையது என்பதால், அவர்தான் அனுமதி தர வேண்டும்.

இனி இப்படி நேராமலிருக்க, ‘/எட்சி/மாட்யூல்ஸ்-லோட்.டி’ கோப்புறையில் ‘.கான்ஃப்’ என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, ‘டன்’ என்ற ஒற்றைச் சொல்லை அதில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போதே அந்த மாட்யூல் ஏறிவிடுவதால், அப்டேட்டுக்கும் அடுத்த மறுதொடக்கத்துக்கும் இடையில் சனிக்கிழமை வந்தாலும் கணக்கு நிற்காது.