வாட்டர்மார்க் போட்டால் புகைப்படத் திருட்டு நிற்குமா?

கேள்வி: நான் எடுக்கும் படங்களை ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறேன். வாட்டர்மார்க் போட்டால் யாரும் திருட முடியாதுதானே? காப்பிரைட் பதிவும் செய்ய வேண்டுமா?

நிற்காது. படத்தின் மேல் பதிக்கிற அந்தப் பெயரை மூலையில் போட்டால் திருடுகிறவன் வெட்டிவிடுவான், நடுவில் போட்டால் போனிலேயே அழித்துவிடுவான். ஆனாலும் போடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் கேள்வியைப் பார்த்தால் இன்னும் யாரும் உங்கள் படத்தில் கை வைக்கவில்லை என்று தெரிகிறது. எனக்கு வைத்தார்கள்.

கும்பகோணம் பக்கம் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். 2016 மகாமகத்தில், பிப்ரவரி 22 தீர்த்தவாரிக்கு, முந்தைய ராத்திரியே குளத்தோரம் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் போய்ப் படுத்துவிட்டேன். விடிந்தபிறகு போனால் அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாது. கரை மண்டபங்களும் குளம் நிறைய ஜனமும் ஒரே ஃபிரேமில் விழுகிற மாதிரி ஒரு படம் கிடைத்தது. 12 வருடத்துக்கு ஒருமுறை வருகிற விழா, அடுத்தது 2028. அந்தப் படத்தின் மேல் எனக்கு எவ்வளவு பெருமை இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வலது கீழ் மூலையில் ஸ்டுடியோ பெயரைச் சின்னதாகப் போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றினேன்.

அடுத்த தை மாதம் ஒரு ஜவுளிக்கடையின் தினசரி காலண்டரில் அதே படம். என் பெயர் இருந்த பக்கத்தைச் சீவிவிட்டு அதே மூலையில் கடையின் போன் நம்பர். இணையத்தில் இருந்த சின்ன கோப்பைப் பெரிதாக்கி அடித்ததில் ஜனங்களின் தலையெல்லாம் கலங்கிப் போயிருந்தது. திருடினதைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இதில் வேடிக்கை, துணி வாங்கப் போன என் அம்மாவே அந்தக் காலண்டரை வாங்கி வந்து சாமி அலமாரி பக்கத்தில் மாட்டினார். “உன் படம் மாதிரியே இருக்குடா!”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி மரியாதையான மனுஷர்தான். “தம்பி, இது கூகுள்ல கிடைச்சதுன்னு ஏஜென்ட் சொன்னாரு. கூகுள் படம் எல்லாருக்கும் பொதுதானே?” என்றார். காலண்டர் அடித்துக் கொடுத்த அந்த ஏஜென்ட்டைக் கேட்டால், கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைத்த டிடிபி பையனைக் கை காட்டினார். கூடவே அந்தப் பிரபலமான வசனம்: “குளம் என்ன உங்க வீட்டுக் குளமா?”

இங்கேயும் யாராவது கமெண்டில் அதைக் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். குளம் என்னுடையது இல்லை, சாமியும் என்னுடையது இல்லை. படம் என்னுடையது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு ஆசிரியர் அதை எடுத்தவர்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் போனபின் 60 வருடமும் இருக்கும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை; ஷட்டரை அழுத்தியபோதே உரிமை வந்துவிடுகிறது. விண்ணப்பக் கட்டணம் ஒரு படைப்புக்கு 500 ரூபாய். தினமும் நூற்றுக்கணக்கில் எடுக்கிறவன் எத்தனைக்குக் கட்டுவான்? ரொம்ப முக்கியமான ஒன்றிரண்டு படத்துக்கு வேண்டுமானால் செய்யுங்கள்.

என்னைக் காப்பாற்றியது ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்த அசல் கோப்பு. ஃபேஸ்புக்கில் போட்டது சுற்றிலும் கொஞ்சம் வெட்டிய படம். மூலக் கோப்பில் இடது ஓரம் இன்னொரு மண்டபத்தின் தூண் முழுசாக இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் வரிசையாக இருக்கின்றன. திருடியவனால் அதைக் காட்ட முடியாது. வக்கீல் நண்பர் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். 63ஆம் பிரிவில் 6 மாதத்திலிருந்து 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று அதில் இருந்தது. வாட்டர்மார்க் இங்கேதான் உதவியது. ‘யார் படம் என்று தெரியாமல் எடுத்துவிட்டோம்’ என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. பெயரைச் சீவியிருக்கிறார்களே! படத்தோடு இருக்கும் உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதற்குத் தனியாக 65பி பிரிவு இருக்கிறது, 2 வருடம் வரை சிறை. அதையும் சேர்த்திருந்தார். ஏஜென்ட் பணம் கொடுத்து முடித்துக்கொண்டார். கேட்டதில் பாதிகூட இல்லை. முதலாளி தன் பங்குக்கு ஒரு வேட்டி சட்டை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். கோர்ட்டுக்கு இழுத்திருக்கலாமே என்பவர்கள், முகூர்த்த மாதங்களில் வாய்தாவுக்கு அலைந்து பாருங்கள்.

ஆகவே உங்களுக்கு: மூலக் கோப்பை எவனுக்கும் கொடுக்காதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். இணையத்தில் போடுவதை நீளப் பக்கம் 1200 பிக்சலுக்குள் சுருக்குங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்று அடித்தால் அது 4 அங்குலம்தான் வரும், காலண்டர்காரனுக்கு உதவாது. (எங்கள் ஏஜென்ட் மாதிரி வெட்கமில்லாதவர்களுக்கு அதுவும் உதவும், அது வேறு.) கேமரா மெனுவில் உங்கள் பெயரைப் பதிந்து வையுங்கள், எடுக்கும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அது சேர்ந்துவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். வாட்டர்மார்க்கை எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி போடாதீர்கள். ஒரே குறி நிறையப் படங்களில் இருந்தால் கணினி அதைப் பிரித்துத் தானே நீக்கிவிடும் என்று 2017இலேயே கூகுள் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். படத்துக்குப் படம் லேசாக நெளித்துவிட்டால் அதற்குக் கஷ்டமாம். அவ்வப்போது கூகுள் லென்ஸில் உங்கள் படத்தைத் தேடிப் பாருங்கள், வயிறு எரியும்.

நீங்கள் கல்யாணம் காட்சிக்கு எடுப்பவராக இருந்தால் ஒன்று. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி எடுத்த படத்துக்கு, வேறு மாதிரி எழுதி வாங்காவிட்டால், 17ஆம் பிரிவுப்படி உரிமை காசு கொடுத்தவருக்குத்தான். இது தெரியாத ஸ்டுடியோக்காரர்கள் நிறைய. மாப்பிள்ளை வீட்டார் படத்தைக் கேட்காமல் போட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

காசு கொடுத்தவருக்கு என்றுதான் சொன்னேன். ஒருத்தர் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்தார். தேர்வு செய்ய அனுப்பிய மாதிரிப் படங்களில் பொண்ணு மாப்பிள்ளை முகத்தின் குறுக்கே பெரிய எழுத்தில் ஸ்டுடியோ பெயர் போட்டிருந்தேன். பாக்கி வரவில்லை. அந்தப் படங்களையே அப்படியே, முகத்தில் என் ஸ்டுடியோ பெயரோடு, குடும்பம் மொத்தமும் ப்ரொஃபைல் படமாக வைத்திருக்கிறார்கள். வாட்டர்மார்க் எதைத் தடுத்தது சொல்லுங்கள். வக்கீல் நண்பரிடம் சொன்னால் “இலவச விளம்பரம்யா” என்று சிரிக்கிறார். ஆல்பம் அடித்து ரெடியாக இருக்கிறது, அதற்கு ஆன லேமினேஷன் செலவும் என் தலையில். இதைப் படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும். பாக்கியைக் கொடுத்தால் நாளைக்கே வீட்டில் கொண்டுவந்து தருகிறேன்.