கொச்சிக்கு ஒருநாள் பயணம்: ஏஜென்டுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: கோவையில் கல்லூரித் தோழிகள் ஏழு பேர் இருக்கிறோம். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஒழிந்திருக்கிறது. காலை ரயிலில் கொச்சிக்குப் போய் இரவு ரயிலில் திரும்பத் திட்டம். வேன், தனிப்படகு, மதிய உணவு, ஏழு இடங்கள் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,900 ரூபாய் என்கிறார் ஓர் ஏஜென்ட். பாதியை உடனே கட்டச் சொல்கிறார். அவர் தந்த அட்டவணையை இணைத்திருக்கிறேன். ஒரு தோழிக்கு முழங்கால் வலி உண்டு. பணத்தைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அட்டவணையில் பதினொன்றரை மணிக்கு மட்டாஞ்சேரி அரண்மனை, பன்னிரண்டரைக்கு யூத ஜெபாலயம் என்று போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரண்டுமே திறப்பதில்லை. இது தெரியாமல் எழுதினாரா, வாசலில் இறக்கிவிட்டுக் கையை விரித்துக்கொள்ளலாம் என்று எழுதினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

இந்த விடுமுறைக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், பலரும் கோட்டை விடுகிற இடம் இதுதான். அரண்மனை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, அதற்கு வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. 1568இல் கட்டிய ஜெபாலயத்துக்கு வெள்ளி, சனி இரண்டு நாளும் விடுமுறை, யூதப் பண்டிகை நாட்களிலும் கதவு மூடித்தான் இருக்கும். ஆக, வெள்ளிக்கிழமை போனால் இரண்டும் கிடையாது. 'சரி, ஒரு நாள் தள்ளிப் போடுவோம்' என்று சனிக்கிழமை போனால் அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களைப் பார்க்கலாம், ஜெபாலயத்தின் நீல வண்ணச் சீனத் தரையோடுகளைப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டும் திறந்திருக்கும், ஆனால் அன்று காலையில் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வழிபாடு நடக்கும். சுற்றிப் பார்க்கப் பிற்பகல்வரை காத்திருக்க வேண்டியதுதான். திறந்திருக்கும் நாளிலும் ஜெபாலயத்தை மதியம் மூடிவிட்டு மூன்று மணி வாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். திங்கள் முதல் வியாழனுக்குள் ஏழு பேரும் விடுப்பு எடுக்க முடிந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. இந்த நாலு வரியைத் தெளிவாக அச்சடித்து ரயில் நிலையத்திலும் படகுத் துறையிலும் ஒட்டிவைக்கச் சுற்றுலாத் துறைக்கு என்ன செலவாகிவிடும்? வண்ண வண்ணமாகக் கையேடு போடக் காசு இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமைதான் என்றால் அந்த இரண்டையும் மறந்துவிடுங்கள். நாள் ஒன்றும் பாழாகாது. துறைமுக நகரத்தில் பார்க்க வேண்டிய முதல் காட்சி துறைமுகம்தான், அதைப் பார்க்க வேன் எதற்கு?

எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்திலுள்ள வாட்டர் மெட்ரோ என்ற மின்படகுச் சேவையின் முனையத்துக்குப் போங்கள். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகு உண்டு, 2024இல் இந்த வழித்தடம் தொடங்கியபோது தலைக்கு 40 ரூபாய். குளிர்சாதன வசதி உண்டு, மின்சாரத்தில் ஓடுவதால் இரைச்சலும் புகையும் இல்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு இதைத்தான் சொல்வேன். படகுத் துறையே தண்ணீரில் மிதக்கிற மேடை என்பதால் நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளமும் துறையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும், காலைத் தூக்கிவைத்துத் தாண்ட வேண்டியதில்லை. ஒரு படகுக்கு நூறு பேர்தான் கணக்கு, அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். விடுமுறை நாளில் வரிசை நீளும், அவ்வளவுதான் குறை. எர்ணாகுளம் படகுத் துறையிலிருந்து புறப்படும் பழைய அரசுப் படகு இதைவிட மலிவு, ஒரு தேநீர் விலைக்குள் முடிந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போகிற படகு அது. ஆனால் ஏறி இறங்கக் கால் ஒத்துழைக்க வேண்டும். எதில் போனாலும் வில்லிங்டன் தீவு, வல்லார்பாடம் சரக்கு முனையத்தின் பாரந்தூக்கிகள், துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்கள் எல்லாம் கண்ணில் படும். ஏஜென்ட் 'தனிப்படகு' என்று தனிக் காசு கேட்பதும் இதே தண்ணீரில்தான்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கியதும் உங்கள் உண்மையான சோதனை தொடங்கும். ஓர் ஆட்டோக்காரர் சிரித்த முகத்தோடு வருவார். தமிழ் நன்றாகவே பேசுவார். 'எல்லா இடமும் சுற்றிக் காட்டுகிறேன், நூறு ரூபாய் கொடுங்கள், போதும்' என்பார். மலிவாக இருக்கிறதே என்று ஏறினால் தேவாலயத்தில் ஐந்து நிமிடம், சீன மீன்வலை அருகே ஐந்து நிமிடம், பிறகு ஒரு கைவினைப் பொருள் கடை வாசலில் வண்டி நிற்கும். 'வாங்க வேண்டாம் சேச்சி, உள்ளே போய்ப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வந்தால் போதும், எனக்கு ஒரு கூப்பன் கிடைக்கும்' என்பார். அது உண்மைதான். ஆள் கொண்டுவந்து இறக்குவதற்கே அவருக்குக் கூலி, நீங்கள் ஏதாவது வாங்கினால் அதற்கு மேல் கமிஷன். அந்தக் கமிஷனைக் கடைக்காரர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை, உங்கள் மிளகு, ஏலக்காய் விலையில்தான் ஏற்றிவைப்பார். முதல் கடை முடிந்தால் இரண்டாவது கடை இருக்கிறது, மூன்றாவதும் இருக்கிறது. ஓர் ஆட்டோவில் மூன்று பேர்தான் ஏறலாம் என்பதால் ஏழு பேருக்கு மூன்று ஆட்டோ, மூன்று ஓட்டுநர்களுக்கும் கூப்பன். மீட்டர் போடச் சொல்லிப் பாருங்கள், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் முகம் மாறும். வெளிநாட்டுப் பயணிகளும் நம் ஊர்க்காரர்களும் காலங்காலமாக இதைப் புகார் சொல்லிவருகிறார்கள். அதிகாரிகளுக்கும் தெரியும்.

இதற்கு மருந்து நடைதான். ஃபோர்ட் கொச்சி சமதரை, முக்கியமான இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன. வலி உள்ளவருக்கு மட்டும் ஓர் ஆட்டோ வைத்து, இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு இவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். 'சுற்றிக் காட்டுகிறேன்' என்ற பேச்சே வேண்டாம்.

சீன வலைகளை முதலில் பாருங்கள். ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் கருங்கற்கள். கற்களின் எடை ஈடுகொடுப்பதால்தான் கயிற்றை இழுத்து வலையைத் தண்ணீரிலிருந்து மேலே கொண்டுவர முடிகிறது. வலைக்காரர்கள் 'வாருங்கள், நீங்களும் இழுக்கலாம்' என்று கூப்பிடுவார்கள். ஆசையாக இருந்தால் இழுங்கள், நல்ல வேடிக்கை. ஆனால் எவ்வளவு தர வேண்டும் என்று கயிற்றைத் தொடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், படம் எடுத்து முடித்த பிறகு பேரம் படியாது. பக்கத்தில் மீன் வாங்கிப் பொரித்துச் சாப்பிடுவதாக இருந்தாலும் இதே கதைதான்: மீனின் எடை, கிலோ விலை, சமையல் கூலி மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். அடுத்து புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்தது இங்கேதான். எலும்புகளைப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறை இடம் மட்டும் இருக்கிறது. பிறகு சாண்டா குரூஸ் பசிலிக்கா, மதிய உணவு, நிழல் பார்த்து ஒரு நீண்ட அரட்டை. வெயில் தாழ்ந்ததும் கடற்கரை. ஏழு இடங்களை எண்ணி முடிக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

தனிப்படகைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை. மாலையில் எர்ணாகுளம் கரையிலுள்ள மரைன் டிரைவ் பக்கம் போனால் 'இன்னும் நாலு பேர் வந்தால் கிளம்பிவிடும்' என்று ஆள்பிடிப்பார்கள். படகில் பதிவு எண்ணும் எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கும் எழுதியிருக்கிறதா, உயிர்காப்பு உடுப்பை உடம்பில் போட்டுவிடுகிறார்களா அல்லது மூலையில் குவித்துவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஏறாதீர்கள். 2023 மே மாதம் மலப்புரம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய படகு அது. 2009இல் தேக்கடியில் 45 பேரைப் பலிகொண்டது அரசு நிறுவனத்தின் படகேதான். ஒவ்வொரு முறையும் விசாரணை, அறிக்கை, சில வாரங்களுக்குக் கெடுபிடி. அப்புறம் பழையபடி 'இன்னும் நாலு பேர்'. நீங்கள் வாட்டர் மெட்ரோவில் போகவர இரண்டு முறை அதே துறைமுகத்தைக் கடக்கிறீர்கள், இது தேவையே இல்லை.

ஆளுக்கு ஒரே தொகையாக எடுத்து ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், டிக்கெட் முதல் தேநீர் வரை அவரே கொடுக்கட்டும். ஏழு பேரும் ஏழு பர்ஸைத் திறந்தால் கணக்குத் தீர்ப்பதிலேயே மாலை போய்விடும். திரும்பும்போது அஸ்தமனம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் படகுத் துறைக்குக் கிளம்புவார்கள். ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். வரிசை நகரவில்லை என்றால் தயங்காமல் தோப்பும்படி வழியாக எர்ணாகுளம் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள்.