பைதான் வகுப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பைதான் என்ற புரோகிராமிங் மொழி படிக்கிறேன். இரண்டு பிள்ளைகள். மிட்டெர்மில் 41 மதிப்பெண். லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளை) பாடத்திலிருந்து எதுவும் புரியவில்லை. விட்டுவிடவா?

பதில்: இன்றைக்கே விடாதீர்கள், சகோதரி. முதல் புரோகிராமிங் வகுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறுவதில்லை என்று பல நாட்டுக் கல்லூரிகளைப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. இத்தனை பேர் வழுக்கும் இடத்தில் உங்கள் மூளையை மட்டும் குறை சொல்ல முடியாது. நிரலை, அதாவது புரோகிராமை, படிக்கப் பழக்காமலே எழுதச் சொல்கிறார்கள். ஆசிரியர்களில் பலர் பகுதிநேரக்காரர்கள். வகுப்பு முடிந்ததும் அடுத்த கல்லூரிக்குக் காரை விரட்ட வேண்டும். அவர்கள் நின்று சந்தேகம் தீர்க்க ஒழுங்காகச் சம்பளம் கொடுப்பதில்லை. மாணவர் ஏன் படிப்பில் நீடிக்கவில்லை என்று மட்டும் நிர்வாகத்தார் கூட்டம் போடுவார்கள்!

லூப்பைத் தாளில் ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் 4, 7, 2; சுற்றுக்கு ஒன்றாக ‘மொத்தம்’ என்பதில் கூட்ட வேண்டும். அது 0-வில் தொடங்கினால் சுற்றுக்குச் சுற்று 4, 11, 13 என்று வரும். அந்த 0-வை லூப்புக்குள்ளே வைத்தால் கடைசியில் 2தான் மிஞ்சும். ஏன் என்று சொல்ல முடிந்தால் லூப் பிடிபட்டுவிட்டது. பைதான் டியூட்டர் என்ற இலவசத் தளம் இதை வரி வரியாகக் காட்டும். கல்லூரி டியூட்டரிங் மையத்துக்கு இந்த வாரமே போங்கள்.

அப்படியும் முடியாவிட்டால், கடைசித் தேதிக்குள் விலகினால் மதிப்பெண்ணுக்குப் பதில் ‘டபிள்யூ’ (W, விலகினார் என்ற குறி) விழும். அது மதிப்பெண் சராசரியைக் கெடுக்காது. ஆனால் ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புதான். அதில் ஒன்று போய்விடும்.

ஒரு விலக்கு உண்டு, கவுன்சலர் தானாகச் சொல்லாமலும் போகலாம். உங்கள் கையை மீறிய காரணம் என்றால், உதாரணமாக நோயுற்ற பிள்ளையை நீங்களே கவனிக்க வேண்டியிருந்தால், ‘ஈடபிள்யூ’ (EW, தவிர்க்க முடியாத காரணத்தால் விலகினார் என்ற குறி) கேளுங்கள். அது அந்த மூன்றில் சேராது. மருத்துவர் கடிதம் வாங்கி வையுங்கள். சும்மா கடினமாக இருக்கிறது என்றால் கிடைக்காது. ‘டபிள்யூ’ போட்டுவிட்டார்களா? பிறகும் மாற்றக் கேட்கலாம், எழுத்தில் கேளுங்கள்.

வகுப்பை விட்ட செய்தி பரவியதுமே வாட்ஸ்அப்பில் ஒருவர் வருவார், நம்ம ஊர்க்காரராகவே இருப்பார். “கல்லூரி எதுக்குக்கா, எட்டு வாரம் டிரெய்னிங், பிளேஸ்மென்ட் எங்க பொறுப்பு.” பணத்தை வாங்கிக்கொண்டு, செய்யாத வேலைக்கு ஏழு வருட அனுபவம் என்று ரெஸ்யூமே எழுதுவார். பொய் பிடிபட்டால் வேலை போகும், விசாவுக்கும் ஆபத்து. அவர் போனை எடுக்கமாட்டார். காசுக்கு அசைன்மென்ட் எழுதித் தருபவரும் அதே ரகம்தான். பிறகு கல்லூரியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியே இன்னும் கறப்பார்.