டைகர் நட் மாவில் பான்கேக்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு முந்திரியும் பாதாமும் ஒத்துக்கொள்வதில்லை. டைகர் நட் மாவில் பான்கேக் செய்து கொடுக்கலாமா அம்மா? இது கோரைக்கிழங்குதான் என்கிறார்களே?

பதில்: பெயரில் ‘நட்’ இருந்தாலும் இது பருப்பு அன்று, சைப்பெரஸ் எஸ்குலென்டஸ் என்னும் கோரை இனத்தின் வேரடியில் விளையும் சிறு கிழங்கு. எனவே பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அதே இயந்திரத்தில் பாதாமையும் அரைத்திருக்கக்கூடும் என்பதால், பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்குப் பயன்படும் கோரைக்கிழங்கு, அதாவது முத்தக்காசு, இதன் நெருங்கிய உறவான சைப்பெரஸ் ரொட்டண்டஸ். அது கசக்கும், நெடியும் மிகுதி. இதற்குப் பதிலாக அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: திருப்பிப் போடும்போதெல்லாம் உடைந்து உதிர்ந்துவிடுகிறது. மூன்று முறை செய்து பார்த்தும் அப்படியே.

பதில்: கோதுமை மாவில் நீர் பட்டதும் குளூட்டன் என்னும் புரதம் வலைபோல் பின்னி மாவைப் பிடித்துக்கொள்ளும், இந்த மாவில் குளூட்டன் அறவே இல்லாததால் அந்தப் பிடிப்பை நாம்தான் கொடுக்க வேண்டும். ஒரு கப் மாவுக்கு கால் கப் மரவள்ளி ஸ்டார்ச், இரண்டு முட்டை, அரை கப் பால், ஒரு சிட்டிகை உப்பு என்பது என் கணக்கு. இவற்றைக் கலந்து பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள், ஏனெனில் நார் மிகுந்த இந்த மாவு நீரை மெதுவாகத்தான் இழுக்கும். கலந்தவுடன் நீர்த்துத் தெரிவதைப் பார்த்து மேலும் மாவைச் சேர்ப்பவர்களுக்குக் கடைசியில் கட்டியான, வறண்ட பான்கேக்தான் கிடைக்கும். ஊறிய பின் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரைக் கலந்து, மூன்று அங்குல அகலத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். மேலே குமிழ் வெடித்துத் துளை விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஓரத்தில் ஈரப் பளபளப்பு மங்கியதும் தோசைத்திருப்பியின் நுனியை அடியில் செலுத்திப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் திருப்பலாம், சற்றே இழுத்தாலும் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். உங்கள் மூன்று முயற்சிகளும் பெரும்பாலும் இந்த அரை நிமிடத்தில்தான் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சாப்பிடும்போது பல்லில் நறநறக்கிறது. மாவில் மண் கலந்திருக்குமோ?

பதில்: பெரும்பாலும் அது தோலின் நார்தான். மாவில் ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்துப் பாருங்கள்: நசுங்கி, விரலில் எண்ணெய்ப் பசை படிந்தால் அது நார், எவ்வளவு தேய்த்தாலும் நசுங்காமல் கீறினால் மண். மண்ணென்று தெரிந்தால் அந்த மாவை ஒதுக்கிவிடுங்கள். நாரென்றால் நுண்ணிய சல்லடையில் சலித்து, வெதுவெதுப்பான பாலில் ஊறவையுங்கள். இலேசான கரகரப்பு எப்படியும் எஞ்சும். எனக்கு அது பிடித்தமானதே.

கேள்வி: முட்டை சேர்க்காமல் செய்ய வழியுண்டா?

பதில்: உண்டு. ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் கலந்து, கொழகொழப்பு வரும்வரை பத்து நிமிடம் வைத்துச் சேருங்கள். உப்பல் குறையும், உள்ளே ஈரமும் சற்றுத் தங்கும். ஆதலால் இரண்டு அங்குல அளவில் ஊற்றி, மூடிபோட்டு வேகவிடுவது நல்லது.

கேள்வி: வெளியே கருகிவிடுகிறது, உள்ளே வேகவில்லை. சர்க்கரை இரண்டு கரண்டிதான் போட்டேன்.

பதில்: அந்த இரண்டு கரண்டியும் வேண்டாம். கிழங்கிலேயே இனிப்பு இருப்பதால் விரைவில் சிவந்துவிடும். தீயைக் குறைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று நிமிடம் வரை நிதானமாக வேகவிடுங்கள்.

கேள்வி: பிரித்து வைத்த மாவில் பழைய எண்ணெய் வாடை வருகிறது. வறுத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம், கொட்டிவிடுங்கள். இக்கிழங்கில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு. அது சிக்குப் பிடித்துவிட்டால் வறுத்தாலும் போகாது. அடுத்த முறை சிறிய பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.