இயேசுவின் உவமைகளைத் தினமும் தியானிக்க எப்படித் தொடங்குவது?

தினமும் ஒரு உவமை வாசித்து ஜெபிக்க ஆசை, ஆனால் நாலு நாளிலேயே எல்லாம் தெரிந்த கதையாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உவமையை மட்டும் தனியாக எடுத்து வாசிப்பதால்தான் அப்படி ஆகிறது என்று நினைக்கிறேன். இயேசு அதை யார் வீட்டுச் சாப்பாட்டில், யாருடைய முணுமுணுப்புக்குப் பதிலாகச் சொன்னார் என்பதையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

இதற்கு லூக்கா எழுதிய நற்செய்திதான் சரி. வரி வசூலிப்பவனான லேவியின் வீட்டு விருந்திலிருந்து, உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊரில் அப்பம் பிட்டது வரை சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். கெட்ட குமாரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசங்கங்களில் 15ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். இவர் பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று அன்றைய யூத மதத் தலைவர்களான பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுத்தது அங்கேதான் இருக்கிறது. காணாமற்போன ஆடு, காசு, மகன் மூன்றுமே அதற்கான பதில். அப்படி வாசித்தால் கதையின் கனம் மூத்த மகன் பக்கம் சாய்கிறது. திரும்பி வந்த தம்பிக்காக உள்ளே கன்றுக்குட்டி அடித்து விருந்து நடக்க, அவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். அப்பா வெளியே வந்து வருந்திக் கூப்பிடுகிறார். அவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை.

7ஆம் அதிகாரத்தில் இரண்டு கடன்காரர் உவமை இரண்டே வசனம். ஒருவனுக்கு 500 வெள்ளிக்காசு கடன், இன்னொருவனுக்கு 50. இயேசுவைச் சாப்பிட அழைத்த சீமோன் என்ற பரிசேயனின் பந்தியை விட்டுவிட்டால் அது வெறும் கணக்கு. கால் கழுவத் தண்ணீர்கூடக் கொடுக்காத அந்த வீட்டில் ஒரு பெண் கண்ணீரால் இயேசுவின் கால்களை நனைத்துக்கொண்டிருக்கும்போது வாசித்தால்தான் அது சுடும்.

14ஆம் அதிகாரத்தை 24ஆம் வசனம் வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். அதுவரை ஒரே ஓய்வுநாள் விருந்து. முதன்மையான இடம் தேடும் விருந்தாளிகள், திரும்ப அழைக்க முடியாத ஏழைகளைக் கூப்பிடு என்ற பேச்சு, அப்புறம் வர மறுத்தவர்களின் சாக்குகள். ஐந்து ஏர்மாடு வாங்கியிருக்கிறேன் என்பது அதில் ஒரு சாக்கு; அந்த ஐந்தும் ஐம்புலன்கள் என்று பழங்காலத் திருச்சபை ஆசிரியர் அகஸ்டின் விளக்கினார். எனக்கு அது ஒட்டவில்லை. மாடு வாங்கியவன் மாட்டைப் பார்க்கப் போனான், அவ்வளவுதான்.

இந்த அதிகாரம் நமக்குப் பழங்கதையும் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டு விலகினார்கள். ஆலயத்தில் கலந்து உட்காருவதும் நற்கருணையை ஒன்றாகப் பெறுவதும்தான் அவர்களுக்கு இடித்தது.

எல்லா உவமைக்கும் பந்தி தேடாதீர்கள். விதைக்கிறவன் உவமை கடலோரத்தில் படகிலிருந்து சொன்னது, அதை அப்படியே விடுங்கள்.

நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வாசிக்கிறேன். ஒரு பகுதியை எடுத்தால் சில நாள் அதிலேயே இருப்பேன். யார் உட்கார்ந்திருக்கிறார், யாருக்கு இடமில்லை, யார் முகம் சுளிக்கிறார் என்று பார்ப்பேன். ஜெபத்தில், நான் வீட்டுக்குக் கூப்பிடத் தயங்கும் ஒருவரை நினைத்துக்கொள்வேன். லூக்கா முடிந்ததும் யோவான் 21க்குப் போங்கள். அங்கே கரிநெருப்பு மூட்டி மீன் வைத்துக் காத்திருப்பவர் இயேசுதான். சாப்பிட வருகிறவர்களில் அவரை மறுதலித்த பேதுருவும் இருக்கிறார்.